அழுக்குப் பக்கம்

ரோலர் அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கை அதைவிட நீளம். ஆஸ்பத்திரிகளின் துணிகளை மொத்தமாக வெளுத்துக் கொடுக்கும் அந்தச் சலவை ஆலையில், படுக்கை விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய ரோலர் மிஷின் ஒன்று இருந்தது. இரண்டு பேர் எதிரெதிரே நின்று விரிப்பின் முனைகளைப் பிடித்துச் சுருக்கம் இல்லாமல் உள்ளே விட வேண்டும். ஒரு கை பிந்தினாலும் விரிப்பு கோணிக்கொண்டு உள்ளே சுற்றிவிடும். அக்கா நின்றால் கோணாது. வந்து சேர்ந்த புதிதில் அவளுக்கு அந்தப் பெயர் வைத்தது சோடாபுட்டிதான்.

சோடாபுட்டி அவளுக்கு எதிர்முனையில் நிற்பவள். வயதில் இளையவள், கண்ணாடி கனத்தவள். இருவரும் வருஷக்கணக்காக ஒரே விரிப்பின் இரண்டு முனைகளைப் பிடித்தவர்கள். ஒருத்தி வீட்டுச் சண்டை இன்னொருத்திக்கு மனப்பாடம். சாப்பாட்டு நேரத்தில் ஒருத்தி டப்பாவில் இன்னொருத்தி கை இருக்கும்.

ஆலையின் நடுவில் ஒரு சுவர். அந்தச் சுவருக்குள்ளேயே ஆள் உயரச் சலவை மிஷின்களைப் பதித்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னுமாக, வட்டக் கண்ணாடி பதித்த இரண்டு கதவுகள். இந்தப் பக்கக் கதவு வழியாக அழுக்குத் துணியைத் திணித்தால், வெந்நீரிலும் மருந்திலும் புரண்டு, அந்தப் பக்கக் கதவு வழியாகச் சுத்தமாக வெளியே வரும். அதனால் ஆலைக்கே அழுக்குப் பக்கம், சுத்தப் பக்கம் என்று இரண்டு பெயர். சுத்தப் பக்கத்தில் வெதுவெதுப்பும் பஞ்சு வாசனையும் ரேடியோவும் இருக்கும். அழுக்குப் பக்கத்தில் கிழிந்த பைகளிலிருந்து ரத்தமும் சீழும் மலமும் ஒழுகும் துணிகளைக் கொட்டி, கையால் பிரித்து, ரகம் ரகமாகப் போட வேண்டும். உள்ளே ஊசி இருக்கும், கத்தரிக்கோல் இருக்கும். யாருடையதோ பல்செட்டுகூட ஒருமுறை வந்தது. முழங்கை வரை கையுறை, முகத்துக்கு மூடி எல்லாம் கொடுத்தார்கள். நாற்றத்துக்கு மட்டும் எதுவும் கொடுக்க முடியவில்லை.

யாருக்கும் பிடிக்காத வேலை என்பதால்தான் அதை மாற்றி மாற்றிச் செய்ய வைத்திருந்தார்கள். ஒரு வாரம் அங்கே என்றால் அடுத்த வாரங்கள் இங்கே. திங்கட்கிழமை காலையில் சூப்பர்வைசர் வாயாலேயே சொல்வார், இந்த வாரம் யார் எந்தப் பக்கம் என்று. முணுமுணுத்துக்கொண்டே போவார்கள், மூக்கைப் பிடித்துக்கொண்டே முடிப்பார்கள். அக்காவும் அப்படித்தான் போய்க்கொண்டிருந்தாள்.

சூப்பர்வைசர் புதிதாக வீடு வாங்கி, வேலையாட்கள் எல்லாரையும் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிடக் கூப்பிட்டார். அக்கா தன் புருஷனோடு போனாள். அவர் தரைக்கு டைல்ஸ் போடும் மேஸ்திரி. எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தரையைத்தான் பார்ப்பார். அன்றும் பார்த்துவிட்டு, "மட்டம் பாக்காம ஒட்டியிருக்கான்" என்று அவள் காதில் முனகினார்.

சூப்பர்வைசரின் மனைவி நல்ல மாதிரி. கைக்குழந்தையைத் தூக்கி அக்காவின் மடியில் வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். குழந்தை அக்காவின் சங்கிலியைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டு சிரித்தது. எதிர் சோபாவில் சூப்பர்வைசரின் மாமியார் உட்கார்ந்திருந்தாள். ஊரிலிருந்து மகளைப் பார்க்க வந்தவள். யார் வந்தாலும் பூர்வீகம் விசாரிக்காமல் விடமாட்டாள் என்பது அவள் முகத்திலேயே எழுதியிருந்தது.

எந்த ஊர், எந்தத் தெரு என்று சுற்றிச் சுற்றிக் கேட்டுவிட்டு, கடைசியில், "உங்கப்பா என்ன பண்ணிட்டிருந்தாரும்மா?" என்றாள்.

"முனிசிபாலிட்டியில சாக்கடை வேலைங்க. மூடியத் தொறந்து உள்ள இறங்குவாரு."

"இறங்குறதுன்னா, மேற்பார்வையா?"

"மேல நின்னு பாக்கறதுக்கு வேற ஆளுங்க இருந்தாங்கம்மா. எங்கப்பா கீழ நின்னு பாப்பாரு."

அக்கா சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். வேறு யாரும் சிரிக்கவில்லை. சோடாபுட்டி தன் தட்டில் எதையோ தேடினாள். மாமியார் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "புள்ளைக்குத் தூக்கம் வருது பாரு. வந்து எடு."

குழந்தையின் கண் முழுசாகத் திறந்திருந்தது. மனைவி வந்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் குழந்தையை எடுத்துக்கொண்டு போனாள். கொஞ்ச நேரத்தில் குளியலறையில் தண்ணீர் விழும் சத்தமும் குழந்தை வீறிட்டு அழும் சத்தமும் கேட்டன. "தம்பி இப்பதானே குளிச்சான்?" என்று சூப்பர்வைசரின் பெரிய மகள் கூடத்தில் நின்று எல்லாருக்கும் கேட்கும்படி கேட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போது மேஸ்திரி வெகுநேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தார். பிறகு, "மாமா வேலையச் சொல்லாம இருந்திருக்கலாம்" என்றார்.

"ஏன்? அவரு அந்தக் குழிக்குள்ள போய்தான் எங்க நாலு பேரையும் ஆளாக்கினாரு. அத மறைச்சு நான் எந்த சோபாவுல உக்காரணும்?"

"நான் மறைக்கச் சொல்லல. நீயா எடுத்துக் குடுக்க வேணாம்னுதான் சொல்றேன்."

"கேட்டாங்க, சொன்னேன். அவங்க கேக்காம இருந்திருக்கலாம்."

மறுநாள் திங்கட்கிழமை. முறைப்படி அவளுக்கு அழுக்குப் பக்கம்தான். போனாள். அடுத்த திங்கட்கிழமையும் சூப்பர்வைசர் அவளை அழுக்குப் பக்கம் என்றார். ஆள் குறைவு போல என்று போனாள். அதற்கடுத்த வாரமும் அதுவே. அவளோடு நெட்டையன் என்கிற ஆளும் அங்கேயே நின்றுவிட்டான். நெட்டையன் நாளுக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம். அவன் எந்த வீட்டுப் பிள்ளை என்று அக்கா இதுவரை கேட்டதில்லை. இப்போது கேட்க வேண்டிய தேவையும் இல்லாமல் போயிற்று. அவனையும் யாரோ விசாரித்திருக்கிறார்கள்.

முன்பெல்லாம் அழுக்குப் பக்கத்து ஆட்கள் குளித்து, உடை மாற்றிக்கொண்டு சுத்தப் பக்கத்துச் சாப்பாட்டு அறைக்கு வருவார்கள். இப்போது துணி மாற்றும் அறையின் மூலையில் ஒரு மேஜையும் கெட்டிலும் கொண்டுவந்து வைத்தார்கள். "உங்க சௌகரியத்துக்குத்தான், குளிச்சிட்டு அவ்வளவு தூரம் நடக்க வேணாமே" என்றார் சூப்பர்வைசர். சட்டப் புத்தகத்தைப் பார்த்துச் செய்ததுபோல எல்லாவற்றுக்கும் ஒரு நியாயம் வைத்திருந்தார். அவளை 'அக்கா' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த மனுஷன் 'ஏம்மா'வுக்கு மாறியதற்கு மட்டும் எந்த நியாயமும் சொல்லவில்லை.

சோடாபுட்டி முதல் வாரம் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மிஷின் கண்ணாடி வழியாகக் கையை ஆட்டினாள். பிறகு ஆட்டவில்லை.

அழுக்குப் பக்கத்து வாசலுக்குத் துணி கொண்டுவருவது வேன்காரன். ஆஸ்பத்திரிகளில் அழுக்குத் துணி நிறைந்த தள்ளுவண்டிகளை ஏற்றிக்கொண்டு வந்து இறக்குவான். சுற்றிப் போய்ச் சுத்தப் பக்கத்தில் சுத்த வண்டிகளை ஏற்றிக்கொண்டு போவான். இரண்டு பக்கமும் தடையில்லாமல் போய்வரும் ஒரே ஆள் அவன்தான். அவன் அக்காவின் சித்தப்பா மகன். அவனுடைய அப்பாவும் அக்காவின் அப்பாவும் ஒரே கயிற்றைப் பிடித்து ஒரே குழிக்குள் இறங்கியவர்கள். இது ஆலையில் ஒருத்தருக்கும் தெரியாது. வேன்காரன் தன்னைச் சூப்பர்வைசரின் சாதிக்காரன் என்று சொல்லித்தான் அந்த வேலையை வாங்கியிருந்தான். ஆலையே அவளை அக்கா என்று கூப்பிட்டதால், அவன் கூப்பிட்டதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அவன் சேர்ந்த நாளில் தனியாக வந்து கும்பிடாத குறையாகக் கேட்டான். "என்னைக் காட்டிக் குடுத்துடாதக்கா." அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உன் பொய்க்கு நான் பாரம் தூக்க மாட்டேன். ஆனா கீழ போட்டு உடைக்கவும் மாட்டேன், போ" என்றாள். இப்போது அவன் தன் மகனுக்குச் சூப்பர்வைசரின் சொந்தத்திலேயே பெண் பேசிக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் காலையில் வேன்காரன் வண்டிகளை இறக்க, நெட்டையன் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தான். திரும்பத் துவைக்க வேண்டிய விரிப்புகளைத் தூக்கிக்கொண்டு சோடாபுட்டி வாசல்வரை வந்து நின்றாள். சூப்பர்வைசரும் வந்தார். அக்கா கையுறையைக் கழற்றிவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"சார், என் முறை எப்ப மாறும்?"

"என்ன அவசரம்? பாக்கலாம்."

"நான் அவசரப்படல. மத்தவங்க யாரும் இப்ப இந்தப் பக்கம் வர்றதே இல்ல. நானும் நெட்டையனும் மட்டும் இங்கயே வேர் விட்டுட்டோம். ஏன்னு சொல்லுங்க."

"ஏம்மா, மத்தவங்க இங்க வந்தா வாந்தி எடுக்கறாங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகறதில்ல. பழக்கம்தானே."

"என்ன பழக்கம்?"

அவர் சுற்றிலும் பார்த்தார். நெட்டையனைத் தவிர நிற்பவர்கள் தன் ஆட்கள்தான் என்கிற தைரியம் அவருக்கு வந்திருக்க வேண்டும்.

"பரம்பரையா வர்றதும்மா. உங்கப்பா குழிக்குள்ளயே இறங்கினவரு. இது குழிகூட இல்ல, டைல்ஸ் போட்ட ரூம். அந்தப் பக்கம் இருக்கறவங்களும் மனுஷங்கதானே. நீங்க மடிச்ச துணிய, நீங்க குடிச்ச டம்ளரத் தொடறதுக்கு அவங்களுக்கும் ஒரு மனசு வேணும்ல? நான் எல்லாரையும் பாக்கணும்."

அவர் கத்தவில்லை. வானிலை சொல்வதுபோலச் சொன்னார். சோடாபுட்டி விரிப்புகளைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். வேன்காரன் வண்டியின் சக்கரத்தை உதைத்து நேராக்கினான், அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

அக்கா அன்றே மேனேஜர் அம்மாவைப் பார்க்கப் போனாள். மேனேஜர் அம்மாவின் அறையில் எல்லாமே வெள்ளை. நாற்காலி, மேஜை, பூ ஜாடி, அந்த அம்மாளின் சிரிப்பு.

"இங்க சாதின்னு எதுவும் கிடையாதும்மா. எங்க நிறுவனத்துல நாங்க அதப் பாக்கறதே இல்ல."

"நீங்க பாக்கல மேடம். பாக்கறவரு கீழ இருக்காரு."

"அவரு நல்ல மனுஷர். உங்க எல்லாரையும் வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டாரே."

"போட்டாரு. அன்னையிலிருந்துதான் இது."

மேனேஜர் அம்மாவுக்குப் புரியவில்லை, அல்லது புரியாமல் இருப்பது நல்லது என்று தோன்றிற்று. "அவர் சொன்னத வேற யாராவது கேட்டாங்களா?" என்றாள். அக்கா மூன்று பெயர் சொன்னாள்: நெட்டையன், சோடாபுட்டி, வேன்காரன்.

இரண்டு நாள் கழித்து எல்லாரையும் அந்த வெள்ளை அறைக்குக் கூப்பிட்டார்கள். சூப்பர்வைசர் துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, நல்ல பிள்ளையாக ஓரத்தில் நின்றார். நெட்டையனைக் கேட்டார்கள். "சொன்னாரு" என்றான்.

"முழுசாச் சொல்லுங்க."

"அக்கா சொன்னதேதான். அதே வார்த்தை."

அவனும் அழுக்குப் பக்கத்து ஆள், அவனுக்கும் இதில் வழக்கு இருக்கிறது என்று சூப்பர்வைசர் மெதுவாக எடுத்துச் சொன்னார். மேனேஜர் அம்மா தலையாட்டினாள். அடுத்து சோடாபுட்டி.

"நான் சரியா கவனிக்கல மேடம். மிஷின் சத்தம்."

"வாசல்ல ஏதுடி மிஷின்?" என்றாள் அக்கா.

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். கண்ணாடி இல்லாத அவள் கண்கள் சின்னதாக, எதையும் பார்க்காமல் இருந்தன. "எனக்குக் கேக்கல, அவ்வளவுதான்" என்றாள்.

வேன்காரனின் முறை வந்தது. அவன் தொப்பியைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தான். அக்கா அவனிடம் உண்மையை எதிர்பார்க்கவில்லை. சோடாபுட்டியைப் போல எனக்குக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போவான், அது போதும் என்றுதான் நினைத்தாள். அவன் தொண்டையைச் செருமினான்.

"அப்படி எதுவும் அவரு சொல்லல மேடம். நான் பக்கத்துலயேதான் நின்னேன். இந்த ஆளுங்களுக்கு எதுக்கெடுத்தாலும் இதே பேச்சுதான். நாம என்ன சொன்னாலும் அதுல சாதியத் தேடுவாங்க."

இந்த ஆளுங்க. அக்கா அவன் முகத்தையே பார்த்தாள். அது அவளுடைய சித்தப்பாவின் முகம். அதே அகன்ற நெற்றி, பேசும்போது ஒரு பக்கம் இழுக்கும் அதே உதடு. சித்தப்பா கடைசியாக இறங்கிய குழியிலிருந்து அவரை வெளியே எடுத்தபோது அவர் மேல் தண்ணீர் ஊற்றிக் கழுவியது அக்காவின் அப்பா. அப்போது இவன் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு நின்றான்.

ஒரு வார்த்தை போதும். "இவன் என் சித்தப்பா மகன்" என்று அவள் சொன்னால், அவன் வேலை, மகன் கல்யாணம், கட்டி வைத்த கோட்டை எல்லாம் அந்த வெள்ளைத் தரையில் பொலபொலவென்று கொட்டிப்போகும். வார்த்தை நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. வாயைத் திறந்தாள். சூப்பர்வைசர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார், அடுத்து இவள் என்ன பழி சொல்லப்போகிறாள் என்று.

அவள் வாயை மூடிக்கொண்டாள்.

போதிய சாட்சி இல்லை என்றாள் மேனேஜர் அம்மா. எல்லாரும் ஒற்றுமையாக வேலை பார்க்க வேண்டும் என்றும் சொன்னாள்.

அன்று மாலை பஸ் நிறுத்தத்தில் வேன்காரன் அவளுக்காகக் காத்திருந்தான். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு அருகில் வந்தான்.

"அக்கா, நீ பெரிய மனசு பண்ணினே. சாகறவரைக்கும் மறக்க மாட்டேன்."

"என் மனசு உனக்கு எங்கடா தெரியும்?"

"எனக்கு வேற வழி இல்லக்கா. பையன் வாழ்க்கை..."

"கேக்கலன்னு சொல்லியிருந்தா பையன் வாழ்க்கை போயிருக்குமா? அவ சொன்னாளே, அந்த மாதிரி சொல்லிட்டுப் போயிருக்கலாமே. எங்க ஆளுங்களப் பத்தி உன்ன யாரு கேட்டா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "அவரு சந்தேகப்பட்டுடக் கூடாதேன்னு..."

"நல்லாக் கேட்டுக்கோ. உன்மேல பாவம் பாத்து நான் வாய மூடல. உன்னைக் காட்டிக் குடுத்தா அந்த ஆளுக்கு அழுக்குப் பக்கம் தள்ள இன்னொருத்தன் கிடைப்பான். அவனுக்கு நான் ஆள் பிடிச்சுக் குடுக்கணுமா? அதுக்காகத்தான். நீ எனக்கு நன்றியும் சொல்ல வேணாம், ஒண்ணும் வேணாம். இனிமே என்கிட்டப் பேசாத. எங்க வீட்டுக் காரியத்துக்கும் வராத, நல்லதுக்கும் கெட்டதுக்கும்."

பஸ் வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். அவன் ஏறவில்லை.

வீட்டில் மேஸ்திரி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"போட்டு உடைச்சிருக்கணும் நீ. நானா இருந்தா அங்கயே அவன் தோலை உரிச்சிருப்பேன்."

"உரிச்சா உள்ள நம்ம தோல்தான் இருக்கும்."

"அதுக்காக? நம்ம முகத்துலயே துப்பினவனுக்குக் குடை பிடிப்பியா?"

"நான் யாருக்கும் குடை பிடிக்கல. என்னை வேலை பாக்க விடுங்க, அது போதும்."

"வேலையா? விட்டுத் தொலை. இந்த ஆலை இல்லன்னா இன்னொரு ஆலை. நான் சம்பாதிக்கறது நமக்குப் போதும்."

"நான் விட்டுட்டா அவன் நெனச்சது நடந்துடும். அந்த ரோலர் என் கையில பழகின மிஷின். வேற எவளாவது அதுல நின்னு கோணலா தேய்ச்சா எனக்குப் பொறுக்காது."

மேஸ்திரி, "உன்கிட்ட வாய் குடுத்து மீண்டவன் இல்ல" என்று சொல்லிவிட்டு மறுபடி தைலத்தை எடுத்தார். ஆனால் படுக்கப் போகும்போது, "என்ன பண்ணப்போற?" என்று கேட்டார். "தெரியல, போய் நிக்கப்போறேன்" என்றாள்.

திங்கட்கிழமை காலையில் அவள் அழுக்குப் பக்கத்துத் துணி மாற்றும் அறைக்குப் போகவில்லை. துவைத்துத் தேய்த்த சீருடையோடு நேராகச் சுத்தப் பக்கத்துக்குப் போய் ரோலர் மிஷினைப் போட்டாள். அது சூடேற நேரம் எடுக்கும். பக்கத்தில் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நகர்ந்தார்கள். சோடாபுட்டி தன் முனைக்கு வந்தவள், அவளைக் கண்டதும் மடிப்பு மேஜைப் பக்கம் போய்விட்டாள். விரிப்புக்குத்தான் இரண்டு பேர் வேண்டும். தலையணை உறைக்கு ஒருத்தி போதும். அக்கா உறைகளை எடுத்து உள்ளே விட ஆரம்பித்தாள்.

சூப்பர்வைசர் வந்தார். "ஏம்மா, இங்க என்ன பண்றீங்க? உங்க இடம் அங்க."

"என் இடம் இதுதான் சார்."

"மேனேஜர் சொன்னது மறந்துபோச்சா? போங்க அந்தப் பக்கம்."

"போக மாட்டேன்."

"அப்ப ஆள விட்டுத் தூக்கச் சொல்லவா?"

"சொல்லுங்க. நான் நடந்து போறதா இல்ல. தூக்கித்தான் கொண்டுபோகணும். தூக்கணும்னா தொடணும். யாரு தொடறீங்க?" அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். "நீங்க வாங்க சார். கையப் பிடிச்சு இழுங்க. இல்ல, நீ வாடி சோடாபுட்டி. இடுப்பைப் பிடி. ஒரே டப்பாவுல சாப்பிட்ட கைதானே."

ஒருவரும் அசையவில்லை. ரேடியோவை யாரோ நிறுத்தினார்கள். சூப்பர்வைசர் ஒரு எட்டு முன்னால் வந்தார். அவள் வலது கையை நீட்டினாள். வேலையில் காய்த்துப்போன, மருந்துத் தண்ணீரில் வெளுத்த கை. அவர் அந்தக் கையைப் பார்த்தார். அதில் என்ன இருக்கிறது என்று அவருக்கே தெரிந்திருக்காது. ஆனாலும் கால் தானாகப் பின்னால் போயிற்று. எல்லாரும் அதைப் பார்த்தார்கள். தான் பின்வாங்கியதை எல்லாரும் பார்த்ததை அவரும் பார்த்தார். முகம் சிவந்து, வாட்ச்மேனைக் கூப்பிட்டார். வாட்ச்மேன் வந்து, விஷயத்தைக் கேட்டு, "பொம்பள மேல கை வைக்கறதுக்கு எனக்கு உத்தரவு இல்ல சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனான்.

சுவருக்கு அந்தப் பக்கம் நெட்டையன் ஒரு காலி வண்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்துவிட்டான். அவனிடம் யாரும் எதுவும் சொல்லி வைக்கவில்லை. இடைவேளைக்கு முன்பே வேன் வந்து அழுக்கு வண்டிகளை இறக்கிவிட்டுப் போயிற்று. அடுத்த நடையும் வந்தது. வண்டிகள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றன. வெயில் ஏற ஏற நாற்றம் சுவரைத் தாண்டி இந்தப் பக்கமும் வர ஆரம்பித்தது. சூப்பர்வைசர் சோடாபுட்டியை அந்தப் பக்கம் போகச் சொன்னார். "எனக்கு முறை இல்ல சார்" என்று அவள் அழுதாள். மடிப்பு மேஜைக்காரர்களைக் கேட்டார். முதுகு வலி, தோல் நமைச்சல், தலைசுற்றல் என்று ஆளுக்கொரு வியாதி வந்தது. அதுவரை அவர் பக்கம் நின்றவர்கள்தான் எல்லாரும். அவருக்காக மூக்கைப் பொத்திக்கொள்ளத் தயாராக இருந்தார்களே தவிர, கையை நனைக்க யாரும் தயாராக இல்லை.

ஆபரேஷன் தியேட்டருக்கு அங்கி வரவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் மேல் போன் வந்ததும் மேனேஜர் அம்மா கீழே இறங்கி வந்தாள். கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொண்டே கேட்டாள். "என்ன நடக்குது இங்க?"

"அந்தப் பக்கம் ஆள் இல்ல மேடம்" என்றார் சூப்பர்வைசர்.

"இருக்கற ஆளுங்கள அனுப்புங்க."

"போக மாட்டேங்கறாங்க."

மேனேஜர் அம்மா அக்காவைப் பார்த்தாள். அக்கா உறைகளை விட்டுக்கொண்டே இருந்தாள். "பழைய முறை வந்தா என் முறைக்கு நான் போறேன் மேடம். ஒரு நாள் முந்தியும் போக மாட்டேன்."

நியாயம் பிறந்ததால் அல்ல, நாற்றம் பொறுக்காததால் பழைய முறை அன்றே திரும்பி வந்தது. அன்றைக்குக் கிடக்கும் குவியலை யார் பிரிப்பது என்ற கேள்விக்கு மேனேஜர் அம்மா அதிகம் யோசிக்கவில்லை. "நீங்க போங்க" என்று சூப்பர்வைசரிடம் சொன்னாள். "இன்னும் ரெண்டு பேரைக் கூட்டிட்டுப் போங்க. சாயந்திரத்துக்குள்ள முடியணும்." அக்காவுக்கும் ஒரு எச்சரிக்கை கிடைத்தது, சொன்ன இடத்தில் வேலை பார்க்கவில்லை என்று. அவள் சரி என்று தலையாட்டினாள்.

சுவரிலிருந்த மிஷின் காலியாக இருந்தபோது அதன் வட்டக் கண்ணாடிகள் வழியே அந்தப் பக்கம் தெரிந்தது. சூப்பர்வைசர் முகமூடிக்கு மேலே கண்ணை இடுக்கிக்கொண்டு, விரல் நுனியால் ஒரு விரிப்பைத் தூக்கினார். ஓடிப்போய் ஒரு மூலையில் குனிந்தார். திரும்ப வந்து மறுபடி தூக்கினார். அக்கா வேலையை நிறுத்திவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். சந்தோஷமாக இருந்தது. இரக்கப்பட்டாள் என்று யாராவது சொன்னால் அது பொய்.

அதற்குப் பிறகு எல்லாரும் தோள்மேல் கை போட்டுக்கொண்டார்கள் என்று இல்லை. சாப்பாட்டு அறையில் அவளும் நெட்டையனும் நடு மேஜையில் உட்கார்ந்தால் மற்றவர்கள் ஓரத்து மேஜைகளில் இடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். பொது டம்ளர்கள் இருந்த தட்டு கேட்பாரற்றுக் கிடந்தது. ஆளாளுக்கு வீட்டிலிருந்து டம்ளர் கொண்டுவந்தார்கள். "நல்லதாப் போச்சு, நமக்கு விசாலமா இருக்கு" என்றாள் அக்கா. நெட்டையன் சிரித்தான். அவன் சிரித்து அவள் பார்த்தது அதுவே முதல் தடவை. வேன்காரன் வேறு தடத்துக்கு மாற்றல் கேட்டுக்கொண்டு போய்விட்டான். மகன் கல்யாணம் நடந்தது என்று மேஸ்திரி எங்கோ கேள்விப்பட்டு வந்து சொன்னார். அக்கா கேட்டுக்கொண்டாள், வேறு பேச்சுப் பேசினாள். சூப்பர்வைசர் சூப்பர்வைசராகவே இருந்தார். திங்கட்கிழமைகளில் அவளுடைய பக்கத்தைச் சொல்லும்போது மட்டும் கூரையைப் பார்த்துச் சொன்னார்.

ரோலருக்கு எதிர்முனையில் நிற்க ஆள் கிடைக்காமல் விரிப்புகள் தேங்கின. கடைசியில் சோடாபுட்டியையே நிற்கச் சொன்னார்கள். அவள் வந்து நின்றாள். முதல் விரிப்பின் முனையைத் தூக்கிக் கொடுத்தபோது அக்காவின் விரல் அவள் விரலில் பட்டது. இழுத்துக்கொள்ளலாமா என்று அவள் ஒரு கணம் யோசித்தது அக்காவுக்குத் தெரிந்தது. இழுத்துக்கொள்ளவில்லை.

கொஞ்ச நேரம் மிஷின் சத்தம் மட்டும் இருந்தது. இந்தமுறை உண்மையான மிஷின் சத்தம்.

"அக்கா" என்றாள் சோடாபுட்டி. "எங்க வீட்டுல எல்லாரும் என்ன சொல்வாங்கன்னு உங்களுக்கே தெரியும். நான் தனியா என்ன பண்ண முடியும், சொல்லுங்க."

அக்கா விரிப்பின் சுருக்கத்தை நீவிவிட்டாள்.

"எம்மேல இன்னும் கோவமா?"

"ஆமா."

"எப்பதான் தீரும்?"

"தீரணும்னு எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல. நீ பேசறதுல அந்த முனை இறங்குது பாரு. தூக்கிப் பிடி."

சோடாபுட்டி தூக்கிப் பிடித்தாள். விரிப்பு கோணாமல் உள்ளே போயிற்று. அக்கா அடுத்ததை எடுத்து உதறினாள்.